எதிர்சேவைக்கு பாத்திரம் எடுத்த கடை பத்தி ஒரு ரிவ்யூ, புட் லைசன்ஸ் கதையும் சேர்த்து

மொதல்லயே சொல்லிடுறேன், கடை பேரு போட மாட்டேன். நல்லதும் சொல்லப் போறேன் குறையும் சொல்லப் போறேன், நம்ம ஆளுக குறைய மட்டும் எடுத்துக்கிட்டு அவர்ட்ட போய் நிப்பாய்ங்க, அது வேணாம். மதுரை புதூர் பக்கம், மெயின் ரோட்டுலருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, வாசல்ல அண்டாவ எல்லாம் கவுத்தி அடுக்கி வச்சுருக்குற ஒரு பாத்திர வாடகை கடை. கல்யாணம், காதுகுத்து, மொட்டை, கெடா வெட்டு எல்லாத்துக்கும் அங்குட்டு இருக்குறவய்ங்க அங்கதான் எடுப்பாய்ங்க. வாடகைக்கு பாத்திரம், கூடவே வேணும்னா சமையல் மாஸ்டர், ரெண்டு எடுபிடி ஆளு. இப்ப புதுசா இன்னொன்னும் செய்றாரு, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

2024 சித்திரைத் திருவிழா. எங்க தெருவுல 22 வீடு. அழகர் மலையில இருந்து எறங்கி மூணுமாவடி வந்து, புதூர் வழியா தல்லாகுளம் போறதுக்குள்ள நூத்துக்கணக்குல மண்டகப்படி (சாமி நின்னு தங்கிப் போற எடம்), அதுக்கு நடுவுல தெருவுக்குத் தெரு பந்தல். எதிர்சேவை அன்னைக்கி, அதாவது ஊருக்குள்ள வர்ற அழகர சனங்க எதிர்கொண்டு வரவேற்குற அன்னைக்கி, எங்க தெருக்காரங்க புளியோதரை, தயிர்சாதம், பானக்கம், நீர்மோர் குடுக்குறது நான் டவுசர் போட்ட காலத்துலருந்து நடக்குது. சிஸ்டம் ரொம்ப சிம்பிள். ஒரு வீட்டுக்கு மூணு கிலோ, நாலு கிலோ அரிசின்னு பிரிச்சுக்குவோம், அவங்கவங்க வீட்ல செஞ்சு தூக்குவாளியிலயும் குக்கர்லயும் கொண்டாந்து பந்தல்ல இருக்குற பெரிய அண்டாவுல கொட்டுவாங்க. ஒரு வீட்டு புளியோதரை காரமா இருக்கும், ஒரு வீட்ல பெருங்காயம் தூக்கலா இருக்கும், ஒருத்தர் வீட்ல வேர்க்கடலைக்கு பதிலா கொண்டக்கடல போட்ருப்பாங்க, எல்லாம் கலந்து ஒரு ருசி வரும் பாருங்க, அத எந்த ஓட்டல்லயும் காசு குடுத்து வாங்க முடியாது.

இப்ப பிரச்சன எங்க வந்துச்சுன்னா, திருவிழாவுல அன்னதானம் போடுறவங்க உணவு பாதுகாப்புத் துறையில பதிவு பண்ணணும்னு அறிவிப்பு வரும்ல, அது வருசா வருசம் பேப்பர்ல வர்றதுதான், நாங்களும் வருசா வருசம் படிச்சுட்டு பேப்பர மடிச்சு வச்சுருவோம். பெரிய மண்டபத்துக்காரய்ங்களுக்கு சொல்றதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். அந்த வருசம் எங்க பெரியப்பா பந்தலுக்கு ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கப் போனப்ப "புட் சர்டிபிகேட் இருக்கா"ன்னு கேட்டுட்டாய்ங்க. பெரியப்பா வீட்டுக்கு வந்து ஒரு ஆட்டம் ஆடுனாரு. "சாமிக்கு போடுற சோத்துக்கு லைசன்சாடா? நான் என்ன சால்னாக் கடையா வச்சுருக்கேன்?"

அவரு கேட்டது ஞாயந்தான்னு எனக்கும் பட்டுச்சு. அப்பறம் ஒக்காந்து படிச்சுப் பாத்தேன். 2006ல போட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2011 ஆகஸ்ட் 5ல இருந்து நடைமுறை. அதுல உணவுத் தொழில்னா என்னன்னு சொல்ற எடத்துலயே, லாபத்துக்குப் பண்ணாலும் சரி லாபம் இல்லாட்டியும் சரின்னு போட்டு வச்சுருக்காய்ங்க. அந்தச் சட்டத்துக்குக் கீழ வந்த லைசன்ஸ் ரூல்ஸ்ல சின்ன உணவு உற்பத்தியாளர் யாருன்னு சொல்றப்ப தள்ளுவண்டி, டெம்பரரி ஸ்டால் போடுறவரு இவங்களோட சேத்து, மத நிகழ்ச்சியிலயோ சமூகக் கூட்டத்துலயோ சாப்பாடு விநியோகம் பண்றவரும் அதுல அடக்கம்னு நேராவே இருக்கு. கேட்டரிங்காரர மட்டும் அதுலருந்து விலக்கி வச்சுருக்காய்ங்க. ஆக நாங்க 22 வீடும் சட்டத்துப்படி சின்ன உணவு உற்பத்தியாளர். பெரியப்பாட்ட சொன்னேன், "அப்ப எனக்கு ஜிஎஸ்டியும் கேப்பாய்ங்களா"ன்னாரு.

ரிஜிஸ்ட்ரேசனுக்கு அப்ப வருசத்துக்கு 100 ரூபா. அஞ்சு வருசம் வரைக்கும் சேத்துக் கட்டிக்கலாம்னு இருந்துச்சு. போட்டோ, அடையாள அட்டை, எந்த எடத்துல சமைக்கிறீங்க அந்த அட்ரஸ், அவ்ளோதான். எல்லாம் ஆன்லைன்ல ஃபாஸ்காஸ்னு ஒரு போர்ட்டல், 2020ல வந்துச்சு. காசு பெருசில்ல. எடம் எதுன்னு கேட்டுச்சு பாருங்க, அங்கதான் மாட்டுனோம். ஒரு அட்ரஸ்தான் போட முடியும். எங்களுக்கு 22 அடுப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரிஜிஸ்ட்ரேசன் எடுக்க முடியுமா? எடுத்தாலும் ஒரு ஆபீசர் வந்து 22 வீட்டு அடுப்படியையும் பாப்பாரா? எதிர் வீட்டு அத்தாச்சி "என் அடுப்படிக்குள்ள எவன் வாரான்னு நானும் பாக்குறேன்"னு சொல்லிருச்சு. இந்த ரூல எழுதுனவய்ங்க மனசுல ஒரு கட இருந்துருக்கு, அதுக்கு ஒரு ஓனரு, ஒரு அடுப்பு. தெருவே சேந்து சமைக்கிறத யாரும் நெனச்சுப் பாத்த மாதிரி தெரியல. எனக்கு இருக்குற ஒரே வருத்தம் அதான், மத்தபடி ரூலே வேணாம்னு சொல்றவன் இல்ல நான். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

சரி கடைக்கு வாரேன். பக்கத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல கேட்டோம், "புட் லைசன்ஸா சார், 1500 ஆகும்"னான். 100 ரூபா பீஸுக்கு 1500! "சர்வர் சார்ஜ் சார், ஆபீஸ்ல பாக்கணும் சார்"னு என்னென்னமோ சொன்னான், எந்திரிச்சு வந்துட்டோம். அப்பறம் வழக்கம்போல அண்டா சொல்லி வைக்கலாம்னு இந்த பாத்திரக் கடைக்குப் போனோம். பேச்சு வாக்குல பெரியப்பா பொலம்ப, கடைக்கார அண்ணே சிரிச்சுக்கிட்டே "என்னண்ணே நீங்க மட்டுமா, இந்த வாரம் நீங்க எட்டாவது ஆளு"ன்னாரு. சொல்லிட்டு ஒரு பழைய டைரிய எடுத்து ரெண்டு வழி சொன்னாரு.

ஒன்னு, மொத்தத்தையும் அவர்ட்ட விட்டுர்றது. அவரு கேட்டரிங்குக்கு தனியா பதிவு வச்சுருக்காரு, அவரு சமையக்கட்டுல செஞ்சு தொன்னைக்கு இவ்ளோன்னு கொண்டாந்து எறக்கிருவாரு. தொன்னை 24 ரூபான்னாரு. 1500 தொன்னை, கணக்குப் போட்டா 36,000. எங்க தெரு வசூலே அவ்ளோ வராது, அத விடுங்க, அப்பறம் நாங்க எதுக்கு? காசக் குடுத்துட்டு வேடிக்க பாக்கவா?

ரெண்டாவது, எங்க பேர்லயே ஒரு ரிஜிஸ்ட்ரேசன் எடுக்குறது. ஒரே எடத்துல அடுப்பு போடணும், தண்ணி வசதி இருக்கணும், பக்கத்துல சாக்கடை கூடாது, மேல கூரை இருக்கணும். 22 வீட்டு ஆளுகளும் அங்க வந்து சமைக்கிறது. பாத்திரம், பர்னர், மாஸ்டர் அவரு குடுப்பாரு. "வீட்ட எல்லாம் காட்ட வேணாம்ணே, எல்லா வீட்டையும் ஒரு ஷெட்டுக்கு கொண்டாந்துருங்க, அம்புட்டுதேன்"ன்னாரு. இந்த ரோசனை எங்க யாருக்கும் தோணல. பெரியப்பா வீட்டு கார் ஷெட்டு முடிவாச்சு. காரு எட்டு வருசமா இல்ல, ஷெட்டு மட்டும் இருக்கு.

அப்ளிகேசன அவரு மகன் போட்டுக் குடுத்தான், கடையிலயே ஒக்காந்து போன்ல. காலேஜ் படிக்கிற பய. பெரியப்பா போட்டோ, ஆதாரு, கரண்ட் பில்லு. 100 ரூபா ஜிபே. சர்வீஸ் சார்ஜ் கேட்டதுக்கு "பாத்திரம் எடுக்குறீங்கள்ல மாமா, போதும்"னுட்டான். இந்த ஒரு விசயத்துக்கே ஒரு ஸ்டார் எக்ஸ்ட்ரா. ஒன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க, அப்ளிகேசன் போட்டா ஏழு நாளைக்குள்ள ஒன்னு குடுக்கணும், இல்ல காரணத்த எழுத்துல சொல்லி மறுக்கணும், இல்ல நேர்ல பாக்க வாரோம்னு சொல்லணும், ரூல்லயே இருக்கு. அத அவரு மகன்தான் சொன்னான், அதனால பங்குனி கடைசி வாரம் வரைக்கும் இழுக்காம முன்னாடியே போடச் சொன்னான். எங்களுக்கு அஞ்சாம் நாளு போன் வந்துச்சு, நாளைக்கு காலையில எடத்தப் பாக்க வாரோம்னு.

இப்ப கடையோட மொதல் சொதப்பல். ஆபீசர் வர்றப்ப பாத்திரம் எப்படி இருக்கும்னு காட்டலாம்னு முந்துன நாளே ரெண்டு சாம்பிள் அனுப்புங்கன்னு சொன்னோம். புளியோதரைக்குன்னு ஒரு பெரிய பித்தள அண்டா அனுப்பிருந்தாரு. வெளிய தேய்ச்சு பளபளன்னு தங்கம் மாதிரி இருக்கு, தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. ஆபீசர் வந்தாரு, சின்ன வயசு, ஷர்ட்ட இன் பண்ணிக்கிட்டு கையில ஒரு பைலு. அண்டாவ வெளிய பாக்கவே இல்ல. குனிஞ்சு போன் டார்ச்ச உள்ள அடிச்சாரு. அடியில ஒரு தட்டு அகலத்துக்கு ஈயம் போயி மஞ்சளா தெரியுது, ஓரத்துல லேசா பச்சை. "இதுலயா புளி காச்சப் போறீங்க?"ன்னாரு. பித்தள, செம்புல ஈயம் சரியா பூசிருக்கணும், இல்லாட்டி புளிப்பு பட்டா களிம்பு எறங்கும், நம்ம அப்பத்தாமாருக்கு எல்லாம் இது தெரிஞ்ச விசயந்தான், ரூல்லயும் பூச்சு இருக்கணும்னுதான் இருக்கு. நாங்க எத்தன வருசமா எந்த அண்டாவுல கலந்தோம்னு நெனச்சுப் பாத்தேன், வயித்தக் கலக்கிருச்சு.

கடைக்கார அண்ணேட்ட போன் போட்டு பெரியப்பா கத்து கத்துன்னு கத்துனாரு. "ஈயம் பூசுறவன் இப்ப எங்கண்ணே கெடைக்கிறான், வருசத்துக்கு ஒரு தடவ வாரான்"னு அவரு ஒரு சமாதானம் சொன்னாரு. உண்மையா இருக்கலாம், ஆனா பூச்சு போனத வாடகைக்கு குடுக்கக் கூடாதுல்ல. ஒரு மணி நேரத்துல எவர்சில்வர் அண்டா மாத்தி அனுப்பிட்டாரு, வாடகையும் கூட்டல. இருந்தாலும் ஆபீசர் பாக்கலைன்னா அதுலதான சமைச்சுருப்போம். அரை ஸ்டார் இதுக்கு கட்.

ஆபீசர பத்தியும் ரெண்டு வார்த்த சொல்லணும். அடிக்க வர்ற ஆளு மாதிரி இருப்பாருன்னு நெனச்சோம், அப்படி இல்ல. கை கழுவ எங்க தண்ணி, குடிக்கிற தண்ணி எங்கருந்து, சமைக்கிறவங்களுக்கு ஒடம்பு சரியா இருக்கா, மாஸ்டருக்கு மெடிக்கல் சர்டிபிகேட் இருக்கா, இதத்தான் கேட்டாரு. மாஸ்டரு சர்டிபிகேட்ட லேமினேட் பண்ணி பையிலயே வச்சுருந்தாரு, அது கடைக்கு ப்ளஸ். அப்பறம் சாதத்த எதுல ஆற வைப்பீங்கன்னாரு. ஓலப்பாய விரிச்சு மேல வெள்ள வேட்டிய போட்டு சாதத்தக் கொட்டி எண்ணெய ஊத்தி விரவுறதுதான் எங்க வழக்கம். தரையில வேணாம், மேசை மேல அகலமான எவர்சில்வர் தட்டுல போடுங்கன்னாரு. பெரியப்பாவுக்கு அதுல ஒரு மனத்தாங்கல், "பாயில கொட்டுனாத்தாண்டா உதிரி உதிரியா வரும்"னு. தயிர்சாதத்த கடைசியா கலங்க, கலந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடுத்து முடிச்சுருங்க, சித்திர வெயிலுன்னு சொன்னாரு. மோருக்கு ஐஸ் போடுறதா இருந்தா மீன் மார்க்கெட்டு ஐஸ் வாங்காதீங்க, குடிதண்ணியில செஞ்சது வாங்குங்க, பில்லு வச்சுக்கங்கன்னாரு. பானக்கத்துக்கு பிளாஸ்டிக் கப்பு கூடாது, அது 2019ல இருந்தே தமிழ்நாட்டுல தடைதான, இருந்தும் ஏற்கனவே ஒரு மூட்டை வாங்கி வச்சுருந்தோம், அவரு கண்ணுல படாம அத்தாச்சி சேலைய போட்டு மூடிருச்சு. பின்னாடி அத மாத்தி பேப்பர் கப்பும் பாக்குமட்டத் தொன்னையும் வாங்குனோம்.

ரெண்டு நாள்ல மெசேஜ் வந்துருச்சு, 14 இலக்கத்துல ரிஜிஸ்ட்ரேசன் நம்பர். தெரு பயலுக அத பிளெக்ஸ்ல அடிச்சாய்ங்க பாருங்க, அழகர் படத்த விட அந்த நம்பர் பெருசா இருந்துச்சு.

இதுக்கு நடுவுல எலெக்சன் வேற. ஏப்ரல் 19 ஓட்டு, 23 அழகர் ஆத்துல எறங்குறாரு, எங்க எதிர்சேவை 22. மூணு சிப்பம் அரிசிய ஆட்டோவுல ஏத்திட்டு வர்றப்ப பறக்கும் படை மறிச்சுருச்சு. 75 கிலோ அரிசி யாருக்குன்னு கேட்டாய்ங்க. தெருப் பயலுக்கு வாயில வார்த்த வரல. அந்த ரிஜிஸ்ட்ரேசன் பேப்பர போன்ல காட்டுனதும் விட்டுட்டாய்ங்க. பெரியப்பா அன்னைக்கித்தான் அந்த 100 ரூபாய மன்னிச்சாரு.

சமையல் அன்னைக்கி. இதுதான் இந்த ரிவ்யூவுல முக்கியமான எடம். விடியக்காலம் மூணு மணிக்கு மாஸ்டரும் ரெண்டு ஆளும் வந்துட்டாய்ங்க. ரெண்டு பெரிய பர்னர், மூணு தேக்சா, வடிக்கட்டுற கூடை, நாலு அகலத் தட்டு, ஜல்லிக் கரண்டி, நீளக் கைப்பிடி சட்டுவம், எல்லாத்தையும் எங்க கண்ணு முன்னாடி சுடுதண்ணி ஊத்திக் கழுவுனாய்ங்க. மாஸ்டரு தலையில தொப்பி, எங்க தெரு பொம்பளைகளுக்கும் ஆளுக்கு ஒரு தொப்பி குடுத்தாரு, மெடிக்கல் ஷாப்புல விக்கிற அந்த வலைத் தொப்பி. அத்தாச்சி பூ வச்ச கொண்ட மேல தொப்பிய மாட்டிக்கிட்டு நின்ன கோலம் இருக்கே, தெருப் பசங்க போட்டோ எடுத்து குரூப்ல போட்டு அன்னைக்கி முழுக்க அதான் பேச்சு.

புளிக்காச்சல்ல வந்துச்சு வம்பு. 40 கிலோ அரிசி புளியோதரைக்கு, 35 தயிர்சாதத்துக்கு. நாலு கிலோ புளி, ஏழு லிட்டர் நல்லெண்ணெய். மாஸ்டரு அவரு பாட்டுக்கு மொளகாய கிள்ளிப் போட்டு புளியக் கரைச்சு ஊத்தி கொதிக்க விட ஆரம்பிச்சாரு. அத்தாச்சி பக்கத்துல போயி நின்னுச்சு.

"எள்ளு எப்பப் போடுவீங்க?"

"எள்ளு எதுக்குக்கா, இவ்ளோ பேருக்கு எள்ளு போட்டா கசந்துரும்."

"கருப்பெள்ள வெறுஞ்சட்டியில வறுத்து, வெந்தயத்தோட இடிச்சு, எறக்குறப்ப தூவுனா எப்படிக் கசக்கும்? நாப்பது வருசமா நான் பண்ணலையா?"

"நீங்க நாலு கிலோவுக்குப் பண்ணிருப்பீங்கக்கா, இது நாப்பது கிலோ."

"நாலு கிலோவுக்கு ஒரு கைன்னா நாப்பது கிலோவுக்கு பத்து கை. இதுல என்ன கணக்கு?"

மாஸ்டரு மொறச்சுக்கிட்டே ஒதுங்கி நின்னாரு. எங்க சித்தி ஒரு பக்கம் பெருங்காயக் கட்டிய எண்ணெயில பொரிச்சு எடுக்குது, கோடி வீட்டு மதினி கொண்டக்கடலய ஊற வச்சே கொண்டாந்துருச்சு, கேட்டா "எங்க வீட்டுப் பங்கு இது, நான் வேர்க்கடல போட மாட்டேன்"னுருச்சு. மாஸ்டருக்கு கோவம் வந்துருச்சு, ஒரு கட்டத்துல தொப்பியக் கழட்டி வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. அவரு திரும்பி வர்றப்ப புளிக்காச்சல் எண்ணெ பிரிஞ்சு மேல மெதக்குது, ஷெட்டுக்குள்ள நின்னா கண்ணு எரியுது, வாசன தெருமுக்கு வரைக்கும் போயிருக்கு. கரண்டியில தொட்டு நாக்குல வச்சாரு. ஒன்னும் சொல்லல. தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டு சாதத்த வடிக்கப் போயிட்டாரு. அதுக்கப்பறம் சாதம் விரவுறதுல அவரு கைய யாரும் கொற சொல்ல முடியாது, 40 கிலோவும் ஒரு பருக்கை ஒடையல, ஒட்டல, பாயி இல்லாம எவர்சில்வர் தட்டுலயே. பெரியப்பா ரெண்டு வெரலால எடுத்து அமுக்கிப் பாத்துட்டு "ம்"னாரு. அவர்ட்டருந்து அதுவே பெருசு.

ருசி எப்படின்னு கேப்பீங்க. நல்லா இருந்துச்சு, ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா பழைய ருசி இல்ல. முன்னாடி எல்லாம் ஒரே தொன்னைக்குள்ள மூணு வீட்டு ருசி மாறி மாறி வரும், இப்ப மொத தொன்னைக்கும் ஆயிரத்து ஐநூறாவது தொன்னைக்கும் ஒரே ருசி. சரியான உப்பு, சரியான புளிப்பு. நாலு வீட்டுப் பெரியவங்க, முடியாதவங்க, ஷெட்டு வரைக்கும் நடந்து வர முடியாதுன்னு அந்த வருசம் சமைக்கவே இல்ல. எங்க பெரியம்மா அதுல ஒருத்தங்க. வீட்ல ஒக்காந்துக்கிட்டே மூணு கிலோ செஞ்சு குடுத்துக்கிட்டு இருந்தவங்க. "எனக்கு ஒரு வேலையும் இல்லையாடா"ன்னு கேட்டாங்க, பானக்கத்துக்கு ஏலக்கா உரிக்கக் குடுத்தோம். இத எந்தக் கடையும் எந்த லைசன்சும் சரி பண்ண முடியாது, இதுக்காக கடைக்கு மார்க்க கொறைக்கவும் முடியாது.

ஆனா ரூலு வேணும்னு ஏன் சொன்னேன்னா, அதுக்கும் சில வருசம் முன்னாடி எங்க அக்கா மகனுக்கு எதிர்சேவை முடிஞ்ச ராத்திரி வாந்தி பேதி, ட்ரிப்ஸ் ஏத்துற அளவுக்கு. டாக்டரு என்ன சாப்ட்டான்னு கேக்குறாரு. என்னத்தச் சொல்ல? மூணுமாவடியில ஆரம்பிச்சு தல்லாகுளம் வரைக்கும் பத்துப் பந்தல்ல வாங்கித் தின்னுருக்கான், அஞ்சு எடத்துல மோரு குடிச்சுருக்கான். எதுல இருந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, எங்க பந்தலாவே கூட இருந்துருக்கலாம். ஓசியா குடுக்குற சோறுன்னா கிருமி வேணாம்னுட்டுப் போயிருமா. யாரு, எங்க சமைச்சாங்கன்னு ஒரு இடத்துல எழுதி இருந்தா கேக்கவாவது ஒரு ஆளு இருக்கும்ல. இத பெரியப்பாட்ட சொன்னப்பத்தான் அவரு சத்தம் கொறைஞ்சுச்சு.

மத்தியானம் மூணரைக்கு தயிர்சாதம் கலந்தோம், பாலு நெறைய ஊத்தி தயிரு கம்மியா, அதுல மாஸ்டரு கில்லாடி, மாதுளை முத்து மேல தூவி குடுத்தாரு, அது வாடகைக் கணக்குல இல்ல, அவரு கைக்காசு. அஞ்சரைக்குள்ள தயிர்சாதம் காலி. புளியோதரை ராத்திரி ஒம்பது வரைக்கும் ஓடுச்சு. 1500 தொன்னை வாங்குனோம், கடைசியில பத்தாம வாழ எலைய நறுக்கிக் குடுத்தோம். ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகல.

கணக்கச் சொல்றேன், கேக்குறவங்களுக்கு உதவும். பாத்திரம், பர்னர் எல்லாம் சேத்து வாடகை 3,850. மாஸ்டரும் ரெண்டு ஆளும் 7,500. ஏத்திக் கொண்டாந்து எறக்க 600, அதுல டிரைவரு திரும்பப் போறப்ப டீக்காசு தனியா கேட்டான். கேஸ் சிலிண்டரு நம்மளுது. அட்வான்ஸ் 5,000 வாங்குனாரு.

அட்வான்ஸ திருப்புற விசயத்துலதான் ரெண்டாவது கடுப்பு. மறுநாளு அழகர் ஆத்துல எறங்குறத பாக்கப் போயிட்டு வந்து அசந்து தூங்கி, அதுக்கடுத்த நாளுதான் பாத்திரத்த திருப்பி அனுப்புனோம். ஒரு நாள் வாடகை கூட பிடிச்சாரு, அது ஞாயம், பேசுனது அப்படித்தான். ஆனா ஜல்லிக் கரண்டி ஒன்னக் காணோம்னு 350 பிடிச்சாரு. கொண்டாந்து எறக்குறப்ப எண்ணிக் குடுக்கவே இல்ல, ஒரு துண்டுச் சீட்டுல "கரண்டி செட்"னு மட்டும் எழுதிருந்துச்சு. செட்டுன்னா எத்தன? அவரு நாலுங்குறாரு, நாங்க மூணுதான் பாத்தோம்ங்குறோம். அத்தாச்சி மேல தெருவே சந்தேகப்பட்டு, அத்தாச்சி ரெண்டு நாளு யார்ட்டயும் பேசல. அதனால எடுக்குறவங்க எறக்குறப்பவே எண்ணி, போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. பித்தள அண்டாவா இருந்தா உள்ளாற டார்ச் அடிச்சுப் பாருங்க, வெளிய பாத்து மயங்காதீங்க.

மொத்தத்துல அஞ்சுக்கு நாலு. அப்ளிகேசன் வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சே குடுக்கலாம், கணக்கு வழக்குக்கு ரெண்டரை தாண்டாது. கேட்டரிங் மொத்தமா விட்டவங்க எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது, நாங்க அதுக்குள்ள போகல.

பெரியப்பா அஞ்சு வருசத்துக்கு சேத்துக் கட்டாம ஒரு வருசத்துக்குத்தான் கட்டிருந்தாரு, "எனக்கே அஞ்சு வருசம் கேரண்டி இல்ல, இவனுக்கு எதுக்கு"ன்னு. அடுத்த வருசம் திருப்பியும் அதே பயல்ட்ட போயி நின்னோம், அவன் அப்பவும் சார்ஜ் வாங்கல. போறதா இருந்தா பங்குனி பொறந்ததும் போயிருங்க, அதுக்கப்பறம் நல்ல தேக்சா எல்லாம் மண்டகப்படிக்காரய்ங்க எடுத்துட்டுப் போயிருப்பாய்ங்க, ஓட்டை ஒடசல்தான் மிச்சம் கெடக்கும். கருப்பெள்ள மட்டும் நீங்களே வறுத்துக் கொண்டு போயிருங்க.